சூரியன் இல்லாமல் மூன்று நாள் விடிந்தது எப்படி? படைப்பு, ஆதாம், சிலுவை

#1 மெழுகுவர்த்தி

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஆலயத்தில் நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். போன வாரப் பாடம் படைப்பு. ஃபிளானல் போர்டில் ஏழு கட்டம் பிரித்து, வெட்டி வைத்திருந்த படங்களை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு வந்தேன். நாலாவது கட்டத்தில் மஞ்சள் சூரியனை ஒட்டிவிட்டுத் திரும்பினால் ஒரு பையன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். “அக்கா, சூரியனே இப்பத்தான் வருது. அப்போ மொத மூணு நாள் விடிஞ்சுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுது?”

எனக்குப் பதில் வரவில்லை. “நேரமாச்சு, எல்லாரும் கண்ணை மூடுங்க, ஜெபம் பண்ணலாம்” என்று சமாளித்துவிட்டேன். பிறகு பெரியவர் ஒருவரிடம் கேட்டதற்கு, “இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் வளர்க்காதேம்மா” என்றார்.

‘அது அடையாள மொழி, தம்பி’ என்று ஒரு வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் அங்கேதான் எனக்கே பயம் ஆரம்பிக்கிறது. நாட்கள் அடையாளம், மரம் அடையாளம், பாம்பு அடையாளம், ஆதாமும் அடையாளம் என்றால் இயேசு எதிலிருந்து நம்மை மீட்டார்? வராத நோய்க்கு மருந்தா? படித்தவர்கள் சொல்லுங்கள். சண்டை வேண்டாம்.

#2 பெரோயா

சகோதரிக்கு ஸ்தோத்திரம். இதில் குழம்ப ஒன்றுமில்லை. “சாயங்காலமும் விடியற்காலமுமாகி முதலாம் நாள் ஆயிற்று” என்று எழுதியிருக்கிறது. சாயங்காலமும் விடியற்காலமும் இருந்தால் அது சாதாரண நாள்தான், 24 மணி நேரம். வெளிச்சம் முதல் நாளே வந்துவிட்டது. சூரியன் நாலாம் நாள் ஏற்றி வைத்த விளக்கு, அவ்வளவுதான். பையனிடம் இப்படியே சொல்லுங்கள், புரிந்துகொள்வான்.

யாத்திராகமம் 20:11-ஐயும் பாருங்கள். “கர்த்தர் ஆறுநாளைக்குள்ளே” எல்லாவற்றையும் உண்டாக்கினார் என்பதுதான் ஓய்வுநாள் கட்டளைக்கே காரணம். நாம் ஆறு நாள் வேலைக்குப் போய் ஏழாம் நாள் ஓய்வெடுப்பது அடையாள நாட்களிலா?

அடையாளம், உருவகம் என்பதெல்லாம் டார்வினுக்குப் பயந்தவர்கள் பின்னால் கண்டுபிடித்த சந்து.

#3 சும்மா_வந்தேன்

டீ போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன். இந்த இழை நீளும்.

#4 ஓலைச்சுவடி

பெரோயா தம்பி, மற்றதைப் பிறகு பார்ப்போம், கடைசி வரி மட்டும் சரியில்லை. டார்வினின் நூல் வந்தது 1859-ல். மெழுகுவர்த்தி அம்மாவின் மாணவன் கேட்டதை அப்படியே கேட்டவர் ஒரிஜென். எகிப்தின் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கிறிஸ்தவ அறிஞர், 3ஆம் நூற்றாண்டு. சூரியன், சந்திரன், நட்சத்திரம் எதுவும் இல்லாமல் முதலாம், இரண்டாம், மூன்றாம் நாளுக்கு மாலையும் காலையும் இருந்தன என்று புத்தியுள்ளவன் எவன் நினைப்பான் என்று எழுதினார். கடவுள் ஒரு குடியானவனைப் போல ஏதேனில் மரம் நட்டார், சாயங்காலம் தோட்டத்தில் உலாவினார், ஆதாம் மரத்துக்குப் பின்னால் ஒளிந்தான் என்பதையெல்லாம் உருவகமாகத்தான் கொள்ள வேண்டும் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அவருக்கும் முன்னால், அதே ஊரில், இயேசு வாழ்ந்த காலத்தில் ஃபிலோ என்ற யூதர் இருந்தார். உலகம் ஆறு நாளில் உண்டாயிற்று என்று எண்ணுவது அறியாமை என்றே அவர் சொல்லிவிட்டார். ஆறு என்பது அவருக்கு ஒழுங்கைக் காட்டும் எண்.

அடுத்து லத்தீன் சபையின் பெரிய ஆசான் அகுஸ்தீன். இவர் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். இளமையில் பல வருடம், ஒளி, இருள் என்று இரண்டு சக்திகளை நம்பிய மனிகேயர் கூட்டத்தில் இருந்தவர். அவர்கள் ஆதியாகமத்தை வரிக்கு வரி கேலி செய்வார்கள். ‘மனுஷன் கடவுளின் சாயல் என்றால் கடவுளுக்கு மூக்கு உண்டா, தாடி உண்டா?’ என்கிற ரகம். மிலான் நகரில் ஆயர் அம்புரோஸ் பழைய ஏற்பாட்டை உட்பொருளோடு விளக்குவதைக் கேட்ட பிறகுதான், இந்தப் புத்தகத்தைப் படிக்க வேறு வழியும் இருக்கிறதென்று அகுஸ்தீனுக்குப் பிடிபட்டது. 387-ல் ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த சில வருடங்களிலேயே மனிகேயருக்கு மறுப்பு எழுதி, அதில் ஆறு நாட்களை உலக வரலாற்றின் ஆறு காலங்களாக விரித்தார். ஆதாம் முதல் நோவா வரை ஒன்று, நோவா முதல் ஆபிரகாம் வரை ஒன்று, அப்புறம் தாவீது, பாபிலோன் சிறையிருப்பு, கிறிஸ்து என்று போகும். ஆறாவதில்தான் நாம் இருக்கிறோம். ஏழாவது, மாலை வராத ஓய்வு. ஏழாம் நாளுக்கு மட்டும் “சாயங்காலமும் விடியற்காலமும்” என்ற வரி இல்லை, கவனித்திருக்கிறீர்களா?

அதோடு அவர் விடவில்லை. எழுத்துப்படியே விளக்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பி, ஒரு முறை பாதியில் நிறுத்தி, மறுபடி 401 தொடங்கி 415 வரை பன்னிரண்டு பகுதிகள் எழுதினார். தலைப்பு ‘எழுத்துப்படி’. உள்ளே போனால் எல்லாம் ஒரே கணத்தில் படைக்கப்பட்டன, நாட்கள் சூரிய நாட்கள் இல்லை, விதைக்குள் மரம் இருப்பது போலப் பலவும் உள்ளடங்கிக் கிடந்து பின்னால் வெளிவந்தன என்கிறார். வானத்தையும் பூமியையும் பற்றி வேதத்தின் பெயரால் ஒரு கிறிஸ்தவன் உளறினால், விவரம் தெரிந்த புறமதத்தான் சிரிப்பான், அப்புறம் உயிர்த்தெழுதலைப் பற்றி நாம் சொன்னால் எப்படி நம்புவான் என்று அவர் நொந்துகொண்டது அந்தப் புத்தகத்தில்தான்.

இன்னொன்று. “அதை நீ புசிக்கும் நாளில் சாகவே சாவாய்” என்கிறது ஆதியாகமம் 2:17. ஆதாம் செத்தது 930 வயதில். 24 மணி நேரக் கணக்கு இங்கே என்ன ஆகும், தம்பி? 2ஆம் நூற்றாண்டிலேயே லியோன் நகர் ஆயர் இரேனேயு இதற்குச் சில பதில்கள் வைத்திருந்தார். அதில் ஒன்று, கர்த்தருக்கு ஒரு நாள் ஆயிரம் வருஷம், ஆதாம் ஆயிரத்தைத் தாண்டவில்லை, ஆகவே அந்த ‘நாளுக்குள்’ செத்தான் என்பது.

#5 பெரோயா

ஐயா, உங்களுக்கு வேண்டியவர்களை மட்டும் கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைக்கிறீர்கள். கப்பத்தோக்கியாவின் ஆயர் பேசில் எங்கே போனார்? 4ஆம் நூற்றாண்டில் ஆறு நாள் படைப்பைப் பற்றி ஒன்பது பிரசங்கம் செய்தவர். எனக்குப் புல் என்றால் புல்தான், மீன் என்றால் மீன்தான், நான் சுவிசேஷத்தைக் குறித்து வெட்கப்படவில்லை என்று உருவகக்காரர்களை முகத்துக்கு நேரே சாடினார். லூத்தரும் ஆறு நாளை ஆறு நாளாகத்தான் எடுத்தார். உங்கள் ஒரிஜென் செத்து 300 வருடம் கழித்து, 553-ல் கூடிய கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் அவரைக் கள்ளப்போதகர் பட்டியலில் வைத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சகோதரியின் பயம் நியாயமானது. “ஒரே மனுஷனாலே பாவமும் பாவத்தினாலே மரணமும்” என்று ரோமர் 5:12. ஒரே மனுஷன்! முதல் ஆதாம் வெறும் கதை என்றால் இரண்டாம் ஆதாமான கிறிஸ்து யார்?

#6 கெபிக்காரி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் ஆர்.சி., ரோமன் கத்தோலிக்கர். வாக்குவாதம் தெரியாது, ஒரு பொருளைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் பாட்டி வீட்டில் பூஜை அலமாரியில் ஒரு பாடுபட்ட சுரூபம் இருந்தது. கருப்பு மரச் சிலுவை, பித்தளை இயேசு. அவர் பாதத்துக்குக் கீழே, ஆணிக்கும் கீழே, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு மண்டை ஓடு, அதன் அடியில் குறுக்கே இரண்டு எலும்பு. சின்ன வயதில் அதைத் தொடப் பயப்படுவேன். கரண்ட் கம்பத்தில் ‘அபாயம்’ என்று போட்டிருப்பார்களே, அதே படம். பாட்டியிடம் கேட்டால், “அது ஆதாம் தாத்தா தலைடி” என்பாள். இயேசுவின் ரத்தம் சொட்டி மண்ணுக்குள் இறங்கி ஆதாமின் தலையில் விழுந்து அவரை எழுப்பியதாம். பாட்டி கட்டிவிட்ட கதை என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். இந்த இழையைப் பார்த்ததும் கேட்கத் தோன்றியது. இது எங்காவது இருக்கிறதா?

#7 ஓலைச்சுவடி

இருக்கிறது அம்மா, உங்கள் பாட்டி ஒரிஜெனோடு சேர்ந்தவர்! இயேசுவைச் சிலுவையில் அறைந்த இடமான கொல்கொதா என்றால் மண்டை ஓடு. நம் பழைய மொழிபெயர்ப்பில் “கபாலஸ்தலம்”. யாருடைய கபாலம் என்று கேட்டு, ஆதாமுடையது என்று பதில் சொன்ன மரபு மிகப் பழையது, ஒரிஜெனே குறிப்பிடுகிறார். எருசலேமில் கல்லறைக் கோவிலுக்குள் கல்வாரி என்கிற அந்தக் கொல்கொதாப் பாறைக்கு நேர் கீழே ‘ஆதாம் சிற்றாலயம்’ இருக்கிறது. பிளந்த பாறையைக் கண்ணாடி வழியாகக் காட்டுவார்கள். கிழக்கத்திய ஓவியங்களில் சிலுவைக்கடியில் ஒரு சிறு குகையும் அதற்குள் மண்டை ஓடும் கட்டாயம் இருக்கும்.

நடந்ததா என்றால், வேதாகமத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோமே நம்பவில்லை. கேட்கக் காதுக்கு இனிமையாக இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை, ஆதாமை அடக்கம் செய்தது எபிரோனில் என்று எழுதிவிட்டார். எபிரோனுக்கு மட்டும் என்ன ஆதாரம் வைத்திருந்தார் என்று கேட்காதீர்கள். ஆனால் சுரூபம் செய்தவர்கள் மண்டை ஓட்டை விட்டுவிடவில்லை. புதைத்த இடம் எது என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம். மருந்து எந்தக் காயத்தில் போடப்பட்டது என்பதைக் காட்டவே அதை வைத்தார்கள்.

#8 குழித்துறை

நான் மலங்கரை சபை, சுரியானி வழிபாடு. எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. ஓலைச்சுவடி ஐயா கிரேக்கரையும் லத்தீன்காரரையும் மட்டும் சொல்கிறார். நிசிபிசில் பிறந்து 373-ல் எதேசாவில் இறந்த எஃப்ரேம் பிரசங்கத்தை விடப் பாட்டையே நம்பியவர். பரதீசு பற்றி மட்டும் பதினைந்து பாடல்கள். அவருக்கு ஏதேன் ஒரு மலை. நோவாவின் வெள்ளம் அதன் அடிவாரம் வரைதான் எட்டியது. ஜீவமரம் உச்சியில். நன்மை தீமை அறியும் மரம் நடுவில் திரை போல நிற்கிறது. கோவிலில் மகா பரிசுத்த ஸ்தலத்துக்கு முன்னால் தொங்கும் திரை மாதிரி. ஆதாம் அந்தத் திரையைத் தள்ளிக்கொண்டு நேரத்துக்கு முன்னால் நுழையப் பார்த்தான்.

பாவம் செய்யும் முன் ஆதாமும் ஏவாளும் நிர்வாணமாக இருந்தார்கள், வெட்கப்படவில்லை என்று படிக்கிறோம். எஃப்ரேம் அதற்குக் காரணம் சொல்கிறார்: அவர்கள் மகிமையை உடுத்தியிருந்தார்கள். விழுந்தபோது அந்த ஆடை போயிற்று, அதனால்தான் அத்தி இலை தேடினார்கள். கிறிஸ்து யோர்தானில் இறங்கியபோது அந்த ஆடையைத் தண்ணீரில் வைத்துவிட்டு ஏறினார், ஞானஸ்நானம் எடுக்கிறவன் அங்கே போய் அதை எடுத்துக்கொள்கிறான் என்பது சுரியானி சபையின் நம்பிக்கை. ஒரு துணியை வைத்தே முழுக் கதையையும் சொல்லிவிடுகிறார்கள், பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. ஏதேன் வாசலில் “சுடரொளிப் பட்டயம்” காவல் இருக்கிறது இல்லையா? பரதீசின் வாசலிலிருந்து அந்தப் பட்டயம் விலகியது எப்படி என்றால், கிறிஸ்து குத்தப்பட்டதால் என்கிறார் எஃப்ரேம். வாளை ஈட்டி விலக்கிவிட்டது.

#9 நாத்திகப்பூனை

கவிதை அருமை, மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கட்டுமா? இந்த விளையாட்டுக்கு விதி என்று ஏதாவது உண்டா? வாள் = ஈட்டி, மரம் = சிலுவை, துணி = ஞானஸ்நானம். இந்த முறையில் எங்கள் தெரு மளிகைக்கடை பில்லில்கூட நான் ரட்சிப்பைக் கண்டுபிடித்துத் தருவேன். ஆதியாகமத்தை எழுதி, பாதுகாத்து, இன்றும் படிக்கிற யூதர்கள் அதில் ‘ஜென்மப் பாவம்’ என்று ஒன்றைக் காணவில்லை. 3ஆம் அதிகாரத்தில் பாவம் என்ற சொல்லே கிடையாது. பிசாசு என்ற சொல்லும் கிடையாது, பாம்புதான் இருக்கிறது. நீங்கள் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கதையைப் பின்னாலிருந்து படிக்கிறீர்கள்.

#10 ஓலைச்சுவடி

பூனையாரே, கடைசி வரியை மறுக்க மாட்டேன். ஆமாம், பின்னாலிருந்துதான் படிக்கிறார்கள். துப்பறியும் கதையை இரண்டாம் முறை படிக்கிறவன் முதல் பக்கத்தில் சும்மா கிடக்கும் சாவியைப் பார்த்து நிமிர்ந்து உட்காருவான். முதல் முறை படித்தவன் அதைக் கவனிக்காதது தவறே இல்லை. யூதர் வாசிப்பு அந்தப் புத்தகத்தின் முழுமையான, நேர்மையான வாசிப்பு. கிறிஸ்தவர் வாசிப்பு, சிலுவை நடந்த பிறகு திரும்பிப் பார்க்கிற வாசிப்பு. பவுலே அப்படித்தான் செய்கிறார். ஆதாமை “பின்பு வந்தவருக்கு முன்னடையாளமானவன்” என்கிறார், ரோமர் 5:14. கிரேக்கத்தில் ‘டூப்போஸ்’, அச்சுப் பதிவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விதி கேட்டீர்கள். பழங்காலத்திலேயே இதற்குச் சண்டை நடந்தது. அலெக்சாந்திரியாக்காரர்கள் எதையும் எதாகவும் மாற்றுவார்கள் என்று அந்தியோகியாக்காரர்கள் குறைப்பட்டார்கள். அந்தியோகியா வழியில், முதலில் கதை கதையாக நிற்க வேண்டும். அப்புறம்தான் அதன் நிழல் எங்கே விழுகிறதென்று பார்க்கலாம். நம் ஊர்ப் பிரசங்கிகள் ‘நிழலாட்டம்’ என்று சொல்வார்களே, அது. கொலோசெயர் 2:17 தமிழில் படிக்கும்போது எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்: “அவைகள் வருங்காரியங்களுக்கு நிழலாயிருக்கிறது, அவைகளின் பொருள் கிறிஸ்துவைப்பற்றினது.” நிழலை விழச் செய்யும் பொருளும் சொல்லின் பொருளும் நமக்கு ஒரே சொல். கிரேக்கத்தில் அங்கே இருப்பது ‘உடல்’ என்ற சொல்தான்.

சங்கப் பாட்டு படித்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி எதுவும் இருக்கக் கூடாது. உள்ளுறை, அதாவது காட்சிக்குள் மறைந்த பொருள், இருக்கிறது என்பதால் அந்தப் பாட்டில் வரும் யானையும் மூங்கிலும் பொய்யாகிவிடுகிறதா?

மளிகை பில்லுக்கு வருவோம். எதையும் எதோடும் ஒட்டலாம் என்றால் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் சில ஒட்டுகள் வாசகன் போட்டவை இல்லை, எழுதினவரே போட்டவை. யோவான் தன் புத்தகத்தை “ஆதியிலே” என்று தொடங்குகிறார், முதல் அதிகாரத்திலேயே “மறுநாளிலே”, “மறுநாளிலே” என்று நாட்களை எண்ணுகிறார். இயேசு பிடிபட்ட இடம் ஒரு தோட்டம், அடக்கம் பண்ணப்பட்ட இடமும் ஒரு தோட்டம் என்று சொல்கிறவர் அவர் ஒருவரே. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

விலாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதாமுக்கு “அயர்ந்த நித்திரை” வருகிறது, அவன் “விலா எலும்புகளில் ஒன்றை” எடுத்து மனைவி உண்டாக்கப்படுகிறாள். சிலுவையில் இயேசு மரித்த பிறகு போர்ச்சேவகன் “ஈட்டியினாலே அவருடைய விலாவில் குத்தினான்”, இரத்தமும் தண்ணீரும் வந்தன. கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் ஆதாமின் விலாவுக்கு இருக்கும் அதே ‘ப்ளூரா’தான் யோவானிலும். ஆதாமின் தூக்கம் கிறிஸ்துவின் மரணத்துக்கு அடையாளம், அந்தக் காயத்திலிருந்து சபை பிறந்தது என்று தெர்த்துல்லியன் 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். தண்ணீர் ஞானஸ்நானம், இரத்தம் நற்கருணை என்று கிறிசோஸ்தோம் விளக்கினார். இவரோ அந்தியோகியாக்காரர், உருவகத்துக்கு எளிதில் மயங்காதவர்.

#11 பெரோயா

விலா விஷயம் நானும் பிரசங்கம் பண்ணியிருக்கிறேன், ஐயா. நிழலாட்டத்தை நான் எங்கே மறுத்தேன்? ஆதாமும் நிஜம், நிழலாட்டமும் நிஜம் என்கிறேன். நிஜமான ஆள் நின்றால்தான் நிழல் விழும்.

தேவன் ஆதாமுக்கும் ஏவாளுக்கும் உடுத்திய தோல் உடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்தி இலை மனுஷனின் சொந்த நீதி, தோல் உடை தேவன் கொடுத்தது. தோல் வேண்டுமென்றால் ஒரு மிருகம் சாக வேண்டும். உலகத்தின் முதல் பலி அங்கேதான்.

#12 குழித்துறை

பிரதர், மிருகம் செத்தது என்று அந்த வசனத்தில் எழுதியிருக்கிறதா? 24 மணி நேரத்தில் அவ்வளவு கறாராக இருந்துவிட்டு, எழுதாத ஆட்டை மட்டும் எங்கிருந்து பிடித்துக்கொண்டு வந்தீர்கள்? :)

நிசாவின் கிரகோரி, அதாவது உங்கள் பேசிலின் சொந்தத் தம்பி, அந்தத் தோல் உடையைச் சாகும் தன்மை என்று படித்தார். பிறப்பு, முதுமை, நோய், சாவு என்று மிருகங்களோடு நாம் பங்குபோடும் வாழ்க்கைதான் அந்தத் தோல். அதுகூட ஒரு விதத்தில் கருணை என்கிறார். சாவு இருப்பதால் தீமைக்கும் ஒரு முடிவு இருக்கிறது, மண்பாண்டத்தை உடைத்துத் திரும்ப வனைவது மாதிரி.

#13 சும்மா_வந்தேன்

எழுதாத ஆடு 😂

#14 கெபிக்காரி

அப்படியானால் பாம்பை மிதிக்கிற மாதா? எங்கள் ஊர்க் கெபியில், அதாவது மாதாவுக்குக் குகை மாதிரி கட்டிய இடத்தில், மாதா காலடியில் பச்சைப் பாம்பு, வாயில் சிவப்புப் பழம். வருஷா வருஷம் திருவிழாவுக்கு முன்னால் பாம்புக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பார்கள். பெந்தேகோஸ்தே தோழி ஒருத்தி, “பாம்பை மிதிக்க வேண்டியது இயேசு, நீங்க ஆளை மாத்திட்டீங்க” என்பாள். இதையும் தீர்த்து வையுங்கள், ஐயா.

#15 ஓலைச்சுவடி

இது ஒரு பிரதிபெயர்ச்சொல்லில் வந்த வினை. ஆதியாகமம் 3:15: “உன் வித்துக்கும் அவள் வித்துக்கும் பகை உண்டாக்குவேன்.” தலையை நசுக்குவது யார்? எபிரேயத்தில் வித்து ஆண்பால் சொல். அதனால் அங்கே வரும் பிரதிபெயர் ‘அவன்’ என்றும் படும், ‘அது’ என்றும் படும், சந்ததி முழுவதையும் குறிக்கும். கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் இலக்கணத்தை மீறி ‘அவன்’ என்று போட்டார்கள். லத்தீன் வேதாகமமான வுல்காத்தாவில் ‘அவள்’ என்று நின்றுவிட்டது. அந்த ‘அவள்’தான் உங்கள் கெபியில் பாம்பின் மேல் நிற்கிறாள். 1979-ல் வத்திக்கான் வெளியிட்ட திருத்திய லத்தீன் பதிப்பில் அதை அஃறிணையாக மாற்றிவிட்டார்கள், வித்தைக் குறிக்கும்படி.

தமிழில் நடந்தது இன்னும் சுவாரசியம். நமக்கு வித்து என்றால் அஃறிணை, ‘அது உன் தலையை நசுக்கும்’ என்றுதான் வரவேண்டும். பழைய மொழிபெயர்ப்போ “அவர் உன் தலையை நசுக்குவார்” என்று மரியாதைப் பன்மையே கொடுத்துவிட்டது! அந்த ஒரு ‘அவர்’ஐப் படித்த உடனே நம் ஆட்களுக்கு இயேசுதான் தெரிகிறார். எழுத்துப்படி படிக்கிறேன் என்று சொல்லும் பெரோயா தம்பியின் கையில் இருக்கும் வேதாகமத்திலேயே அடையாள வாசிப்பு இலக்கணமாக உட்கார்ந்திருக்கிறது.

மாதா பக்கத்துக்கும் பழைய வேர் உண்டு. ஏவாளின் கீழ்ப்படியாமை போட்ட முடிச்சை மரியாளின் கீழ்ப்படிதல் அவிழ்த்தது என்று இரேனேயு எழுதினார். அது இந்த லத்தீன் குழப்பத்துக்கு இருநூறு வருடம் முந்தியது. ஆகவே தோழியோடு சண்டை வேண்டாம். ஆளை யாரும் மாற்றவில்லை, பிரதிபெயரைத்தான் மாற்றிப் படித்தார்கள்.

#16 மெழுகுவர்த்தி

எல்லாரும் அழகழகாக எழுதுகிறீர்கள், நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். ஆனால் நான் கேட்டது அப்படியே இருக்கிறது. ஆதாம் அடையாளம் என்றால் நோய் எங்கே?

#17 ஓலைச்சுவடி

மன்னிக்க வேண்டும், அம்மா. வாத்தியார் புத்தி, கேட்டதைத் தவிர எல்லாம் சொல்வேன்.

நம் மனதில் ஓடும் படம் பெரும்பாலும் அகுஸ்தீனுடையது. ஆதாம் குற்றவாளி, நாம் அந்தக் குற்றத்தோடு பிறக்கிறோம், ரட்சிப்பு என்றால் வழக்கு தள்ளுபடி. இதற்கு ஓர் ஆவணம் வேண்டும்: இன்ன நாளில் இன்னார் இன்ன குற்றம் செய்தார் என்று. ஆதாம் நிஜ ஆள் இல்லை என்றால் முதல் தகவல் அறிக்கையே இல்லை. உங்கள் பயம் அங்கிருந்து வருகிறது. ரோமர் 5:12-ன் கடைசிப் பகுதியை அவர் லத்தீனில் ‘அவனுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள்’ என்று படித்தார். கிரேக்கம் தாய்மொழியாக இருந்தவர்கள் பெரும்பாலும் அப்படிப் படிக்கவில்லை. நம் தமிழ் வேதாகமமும் “எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்” என்றுதான் சொல்கிறது. கிழக்குச் சபைகள் ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது சாவும் பலவீனமும், குற்றம் அவரவருடையது என்றே இன்றுவரை கற்பிக்கின்றன.

இரேனேயுவின் படம் வேறு. அவருக்கு ஆதாமும் ஏவாளும் சிறுபிள்ளைகள். வளர்ந்து பக்குவப்படப் படைக்கப்பட்டவர்கள், ஏமாந்து வழி தவறினார்கள். கிறிஸ்து என்ன செய்தார்? மனுஷன் நடந்த அதே பாதையை முதலிலிருந்து மறுபடி நடந்தார். குழந்தையாக, இளைஞனாக, பெரியவனாக. ஆதாம் மரத்தருகே கீழ்ப்படியாமல் போனான், இவர் மரத்தின் மேல் கீழ்ப்படிந்தார். ஆதாம் செத்தது ஆறாம் நாள், வெள்ளிக்கிழமை, இவரும் வெள்ளிக்கிழமை என்றுகூட எழுதியிருக்கிறார். பின்னலில் ஓரிடத்தில் தப்பு விழுந்தால், அந்தத் தப்பு வரைக்கும் பிரித்துக்கொண்டே போய்த் திரும்பப் பின்னுவோம் இல்லையா? ரட்சிப்பு அவருக்கு அதுதான்.

நோய்க்கு ஆதியாகமம் 3ஆம் அதிகாரத்தையே பாருங்கள். தின்றார்கள், உடனே ஒருவரிடம் ஒருவர் மறைத்தார்கள், கடவுள் வரும் சத்தம் கேட்டு ஒளிந்தார்கள். கேட்டதும் அவன், “நீர் தந்த ஸ்திரீ” என்று மனைவியையும் கடவுளையும் ஒரே வாக்கியத்தில் மாட்டிவிட்டான். அவள் பாம்பை மாட்டிவிட்டாள். இது நேற்று என் வீட்டில் நடந்தது, டிவி ரிமோட்டை யார் உடைத்தது என்ற விசாரணையில். எபிரேயத்தில் ஆதாம் என்றால் மனுஷன், மண்ணுக்கு ‘ஆதமா’. மண்ணாலான மனுஷன் என்று சொல்லும்போதே அது ஒருவனுடைய பெயருமாகிறது, எல்லாருடைய பெயருமாகிறது. நோய் இருப்பதை நிரூபிக்க முதல் நோயாளியின் ஆஸ்பத்திரிச் சீட்டு தேவையில்லை, அம்மா. உடம்பு சுடுகிறது, தெரிகிறது.

கத்தோலிக்க மறைக்கல்வி நூல் (1992) நடுவழி போகிறது. ஆதியாகமம் 3 உருவக மொழியில் எழுதப்பட்டது, ஆனால் மனித வரலாற்றின் தொடக்கத்தில் நடந்த ஒன்றைத்தான் சொல்கிறது என்கிறது 390ஆம் பத்தி. எனக்கும் அவ்வளவு போதும்.

#18 பெரோயா

எனக்குப் போதாது, ஐயா. சிலுவை பொந்தியு பிலாத்துவின் காலத்தில், தேதி போடக்கூடிய ஒரு நாளில் நடந்தது. ஆதாம் பாவத்தில் விழுந்த விழுகைக்கு மட்டும் தேதி இல்லை என்றால் தராசின் ஒரு தட்டு காற்றில் தொங்குகிறது. ஆனாலும் பின்னல் உதாரணம் நன்றாயிருக்கிறது. என் மனைவி குரோஷா போடுகிறவள், அவளிடம் சொல்லப்போகிறேன்.

#19 கெபிக்காரி

ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா விழிப்பு இரவில் எங்கள் கோவிலில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, பெரிய மெழுகுதிரி ஒன்று மட்டும் உள்ளே வரும். அந்த ஒளியில் நின்று பாடும் பாட்டில், ஆதாமின் பாவத்தைப் பார்த்து ‘பாக்கியமான குற்றமே’ என்று வருகிறது. இவ்வளவு பெரிய மீட்பரைப் பெற்றுத் தந்த குற்றமாம். அது முடிந்ததும் முதல் வாசகம் படைப்பு வரலாறு, “ஒளி தோன்றுக”. சூரியன் மறைந்து பல மணி நேரம் ஆகியிருக்கும், கையில் ஆளுக்கொரு மெழுகுதிரி. மெழுகுவர்த்தி அக்கா, அந்தப் பையனை ஒரு தடவை அந்த இரவுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்களேன். சூரியனுக்கு முன்னால் வெளிச்சம் எப்படி என்று அவனே பார்க்கட்டும்.

#20 நாத்திகப்பூனை

நானும் வரலாமா? பாட்டுக்காக மட்டும்.

#21 மெழுகுவர்த்தி

வகுப்பு முடிந்து வந்து எழுதுகிறேன். அதே பையனிடம், “உன் கேள்வியை 1,800 வருஷத்துக்கு முன்னால எகிப்துல ஒரு பெரிய மேதை கேட்டிருக்கார்” என்றேன். முகத்தைப் பார்க்க வேண்டுமே! பதில் என்ன என்று கேட்கவே மறந்துவிட்டான்.

பிறகு போர்டை இரண்டாகப் பிரித்தேன். இடது பக்கம் ஏதேன் தோட்டம், வலது பக்கம் யோவான் 20. வாரத்தின் முதல் நாள், இருட்டு, தோட்டம், அழுகிற மரியாள். “ஸ்திரீயே, ஏன் அழுகிறாய்?” “அவரைத் தோட்டக்காரனென்று எண்ணி” என்ற இடத்தில் நிறுத்தி, அந்தப் பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரை வைத்தார் என்று கேட்டேன். ஆதாம் என்று எல்லாரும் கத்தினார்கள். இவன் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்போ அந்த அக்கா தப்பா நினைக்கலையே?” என்றான்.

#22 ஓலைச்சுவடி

அம்மா, அவன் மறுபடியும் செய்துவிட்டான். மரியாள் தவறாக நினைத்தும் தவறவில்லை, அவர் நிஜமாகவே தோட்டக்காரர்தான் என்று முதலாம் கிரகோரி பாப்பரசர் தம் மறையுரையில் சொல்லியிருக்கிறார். 6ஆம் நூற்றாண்டின் கடைசி.

#23 பெரோயா

நாள் 24 மணி நேரம்தான். அதில் மாற்றமில்லை. அந்தத் தம்பிக்கு என் கணக்கில் ஒரு படப் பைபிள் வாங்கிக் கொடுங்கள், சகோதரி. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

#24 சும்மா_வந்தேன்

அடுத்த வாரம் நோவா பாடம்தானே? மீன்களெல்லாம் வெள்ளத்தில் எப்படிச் சாகும் என்று கேட்பான். இப்போதே தயாராகிக்கொள்ளுங்கள்.